குந்துகாலில் இறங்கிய படை: பாண்டியர் வாரிசுப் போரை ஒரு பள்ளிக் கண்காட்சியில் சொன்ன விதம் பற்றிய நிகழ்வு ஆய்வு

சூழல்

இராமநாதபுரம் கடற்கரையை ஒட்டிய ஒரு மேல்நிலைப் பள்ளியில் சில ஆண்டுகளாக ஒரு வரலாற்று மன்றம் நடக்கிறது. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள்தான் அதிகம். ஒன்பதாம் வகுப்பிலிருந்தும் ஆர்வமுள்ள சிலர் வருவார்கள். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள், கடைத்தெருப் பிள்ளைகள், இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வரும் ஓரிருவர் என்று கலந்த கூட்டம். ஆண்டுக்கொரு கண்காட்சி வைப்பார்கள். வழக்கமாகப் பானை ஓடு, பழைய காசு, கோயில் கல்வெட்டின் படம் என்று போகும். இந்தமுறை மன்றப் பொறுப்பாசிரியை ஒரு போரைத் தலைப்பாக எடுத்தார். 12ஆம் நூற்றாண்டில் மதுரை அரியணைக்காகப் பாண்டியர் குடும்பத்துக்குள் மூண்டு, இலங்கையையும் சோழநாட்டையும் உள்ளே இழுத்துவிட்ட வாரிசுப் போர் அது.

அதைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம் இருந்தது. சண்டையின் முதல் பகுதி நடந்ததே பிள்ளைகளின் ஊர்களில்தான். இலங்கை அரசர்களின் கதையைச் சொல்லும் பாலி மொழி நூலான சூளவம்சம் இந்தப் போரை விரிவாகச் சொல்கிறது. அதில் வரும் ஊர்ப்பெயர்களில் இராமேசுவரம், குந்துகால், தேவிபட்டினம், அஞ்சுகோட்டை, தொண்டி, மானாமதுரை போன்றவற்றை இன்றும் பேருந்துப் பலகையில் படிக்கலாம்.

கல்வெட்டுச் செய்திகளைச் சரிபார்த்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வரைவு தயாரான கட்டத்திலிருந்து கண்காட்சி முடியும்வரை உடன் இருந்தேன். அரசர்களின் உறவையும் பகையையும் வகுப்பில் சொல்லித் தருகிற யாருக்கும் இதே சிக்கல்கள் வரலாம் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பள்ளி, ஆசிரியை, பிள்ளைகள், பெற்றோர் யாருடைய பெயரும் இதில் இல்லை.

போரின் முதல் பாதி

பின்னால் வருவது புரிய இந்த அளவு தெரிந்திருக்க வேண்டும்.

1160களின் பின்பாதி. மதுரையில் பராக்கிரம பாண்டியன் இருக்கிறான். குலசேகர பாண்டியன் வந்து கோட்டையை முற்றுகையிடுகிறான். பராக்கிரமன் உதவி கேட்டு ஆள் அனுப்பியது இலங்கையில் பொலன்னறுவையைத் தலைநகராக வைத்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவுக்கு (1153–1186). இலங்காபுரன் என்ற தண்டநாயகன் (படைத்தலைவன்) தலைமையில் படை திரட்டப்பட்டது. அது கடல் கடப்பதற்குள் குலசேகரன் மதுரையைப் பிடித்து, பராக்கிரமனை மனைவி மக்களோடு கொன்றுவிட்டான்.

உதவி கேட்டவனே போய்விட்டான். படையைத் திருப்பியிருக்கலாம். பராக்கிரமபாகு திருப்பவில்லை. கொல்லப்பட்டவனின் மகன் வீரபாண்டியன் தப்பி மலைநாட்டில் மறைந்திருந்தான். பாண்டிய நாட்டைப் பிடித்து அந்தக் குடும்பத்து வாரிசிடம் கொடுப்பதுதான் இனி வேலை என்று ஆணை போனது. இந்த இடத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். முதலில் ஓர் அரசனுக்காகக் கிளம்பிய படை, இப்போது ஒரு வாரிசைத் தேடிக்கொண்டு வருகிறது.

மன்னார்க் கரையிலிருந்து புறப்பட்ட படை இராமேசுவரத்தைப் பிடித்தது. பாம்பன் பக்கம் குந்துகாலில் மதிலும் அகழியுமாக ஒரு கோட்டை எழுப்பி, தன் அரசன் பெயரால் பராக்கிரமபுரம் என்று பெயரிட்டது. பிறகு கரையோரமாகவும் உள்நாட்டிலும் ஒவ்வொரு தலைவனாகத் தோற்கடித்தும், பரிசு கொடுத்து இழுத்தும் முன்னேறியது. கடைசியில் வீரபாண்டியனுக்கு மதுரையில் முடிசூட்டினார்கள் என்றும், பராக்கிரமபாகு பெயரில் காசு புழங்கியது என்றும் சூளவம்சம் சொல்கிறது. பிடிபட்ட தமிழர்களை இலங்கைக்கு அனுப்பிப் பௌத்தத் தூபி வேலைகளில் ஈடுபடுத்தியதாகவும் அதிலேயே இருக்கிறது. பொலன்னறுவையில் இன்றும் தமிழர் பெயரால் வழங்கும் பெரிய தூபியின் அடித்தளம், பாண்டிய நாட்டிலிருந்து கொண்டுபோன மனிதர்கள் கட்டியது. அவர்களில் இந்தக் கரைக்காரர்களும் இருந்திருப்பார்கள்.

தோற்ற குலசேகரன் சோழநாட்டுக்குப் போனான். அங்கே இரண்டாம் ராஜாதிராஜன் 1166இல் பட்டத்துக்கு வந்திருந்தான். அவன் வந்ததே ஒரு சிக்கலின் நடுவில்தான். முந்தைய அரசன் இரண்டாம் ராஜராஜனின் பிள்ளைகளுக்கு ஒரு வயது, இரண்டு வயது. பெருமான் நம்பிப் பல்லவராயர் என்ற அதிகாரி முன்னின்று, விக்கிரம சோழனின் பேரன் ஒருவனைக் கொண்டுவந்து ராஜாதிராஜனாக ஆக்கினார். அதே பல்லவராயர்தான் குலசேகரனுக்காகப் படையோடு போனார். இலங்காபுரன் உள்ளிட்ட தண்டநாயகர்களைக் கொன்று, தலைகளை மதுரை வாசலில் அறைந்து, குலசேகரனை மறுபடி அரியணையில் உட்கார வைத்ததாக, மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது.

முதல் வரைவில் கண்டது

மன்றத்தில் இரண்டு குழுக்கள் பிரிந்து வேலை செய்திருந்தன. ஒரு குழு சூளவம்சத்தின் மொழிபெயர்ப்பை வைத்துப் பெரிய வரைபடம் போட்டிருந்தது. கடலிலிருந்து மதுரை வரை அம்புக்குறிகள், எல்லாமே இலங்கைப் படையின் வெற்றி. இன்னொரு குழு கல்வெட்டுகளை வைத்து எழுதியிருந்தது. அதில் நடுப்பலகையே மதுரை வாசலும் அறையப்பட்ட தலைகளும்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், இங்க செத்துப் போனவரு அங்க எப்படி ஜெயிச்சு ஊருக்குத் திரும்பிப் போனாரு?"

சரியான கேள்வி. சூளவம்சம் இலங்கையின் வெற்றியோடு கதையை முடித்துக்கொள்கிறது. கல்வெட்டு இலங்காபுரனின் சாவைச் சொல்கிறது. பிள்ளைகள் இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ளிவிடத் தயாராக இருந்தார்கள். எதைத் தள்ளுவது என்பதில்தான் சண்டை.

இரண்டாவது சிக்கல் தலைப்பு. "சிங்களப் படையெடுப்பு" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு படகுத் தொழிலாளி அதைப் பார்த்தார். எல்லை தாண்டியதாக அவருடைய படகைப் பிடித்து, அவரையும் சில மாதம் இலங்கைச் சிறையில் வைத்திருந்தார்கள். "அன்னைக்கும் இதுதான், இன்னைக்கும் இதுதான். நல்லாப் பெருசா எழுதுங்க தம்பி" என்றார். அவர் கோபத்தில் தவறு காண யாராலும் முடியாது. ஆனால் அந்தப் பலகை அந்த நொடியிலேயே 12ஆம் நூற்றாண்டை விட்டுவிட்டு இன்றைய கடலுக்கு வந்துவிட்டது. அதே அறையில் முகாமிலிருந்து வரும் மாணவி ஒருத்தி இருந்தாள். மன்னார்ப் பக்கத்துக் குடும்பம். அந்தத் தலைப்பு முடிவான நாளிலிருந்து அவள் மன்றத்தில் வாயே திறக்கவில்லை என்று ஆசிரியை பிறகு சொன்னார். எழுத்துவேலை, படம் ஒட்டுவது எல்லாம் செய்தாள். பேச்சு மட்டும் இல்லை.

மூன்றாவது, ஊர்ப் பெரியவர் ஒருவரின் ஆட்சேபம். காஞ்சிபுரம் பக்கத்து ஆர்ப்பாக்கம் கல்வெட்டில், இலங்கைப் படை இராமேசுவரம் கோயில் கதவைக் கழற்றி, பூசையை நிறுத்தி, பண்டாரத்தை (கருவூலத்தை) எடுத்துக்கொண்டதாக ஒரு செய்தி வருகிறது. "நம்ம கோயிலைப் பத்தி இப்படியா எழுதி வைப்பாங்க" என்பது அவர் கவலை.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

பெரியவரின் ஆட்சேபம் சீக்கிரம் தீர்ந்தது. செய்தியைச் சொன்னது எதிரி இல்லை, எதிரிலிசோழச் சம்புவராயர் என்ற சோழர் பக்கத்துத் தலைவர் என்று காட்டினோம். தொண்டி, பாசி வரை சண்டை பரவிய சேதி கேட்டுச் சோழநாட்டு மக்களே கலங்கிப்போனார்கள். சம்புவராயர் உமாபதிதேவர் என்ற சிவாசாரியரிடம் போய் முறையிட, அந்தச் சிவாசாரியர் 28 நாள் இரவும் பகலும் பூசை செய்தார். பிறகு வெற்றிச் சேதி வந்தது. ஆர்ப்பாக்கம் ஊரே அந்தச் சிவாசாரியருக்குத் தானமாகப் போனது. முழுக் கதையையும் எழுதுவதானால் தனக்கு மறுப்பில்லை என்று பெரியவர் சொல்லிவிட்டார். கதவு, பூசை இரண்டும் பலகையில் இடம்பெற்றன. தலைகள் பற்றிய வரியை வைத்துக்கொண்டோம். படத்தை மட்டும் எடுத்துவிட்டோம். சின்ன வகுப்புப் பிள்ளைகளும் வருவார்கள் என்பது ஆசிரியையின் கருத்து; அதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

இரண்டு ஆதாரங்களின் முரணுக்கு நேரம் எடுத்தது. இரண்டையும் எதிரெதிரே வைத்து, "இருவரும் அப்படித்தான் சொல்வார்கள், நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று விடுவது எளிது. அப்படி விடக்கூடாது என்று நான் வாதாடினேன். காரணம், மூன்றாவதாக ஒரு சாட்சி இருக்கிறது. ராஜாதிராஜனின் 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த திருவாலங்காட்டுக் கல்வெட்டு இந்தப் போரின் அடுத்த கட்டத்தைப் பேசுகிறது. அந்தக் கட்டம் தொடங்கும்போது மதுரையில் உட்கார்ந்திருப்பவன் குலசேகரன். அப்படியானால் வீரபாண்டியனின் முடிசூட்டு நிலைக்கவில்லை என்பது உறுதி. சூளவம்சம் சொல்வதைப் பொய் என்று தள்ளத் தேவையில்லை. தன் அரசனுக்கு நல்லதாக இருந்த இடத்தில் அது நிறுத்திக்கொண்டது. கல்வெட்டும் சும்மா வெட்டப்படவில்லை. பல்லவராயர் நோயில் இறந்தபின் அவர் குடும்பத்துக்கு நிலம் விட்டுக்கொடுத்ததைச் சொல்ல வந்த இடத்தில்தான் அவருடைய வெற்றிகளைப் பாடுகிறது. ஆகவே ஒவ்வொரு பலகையிலும் செய்திக்குக் கீழே, அதை எழுதச் சொன்னவர் யார், எந்தக் காரியத்துக்காக என்று ஒரு வரி சேர்க்க முடிவானது.

பெரிய முடிவு தலைப்பைப் பற்றியது. "சிங்கள" என்ற சொல்லை எடுத்துவிட்டால் போதுமா என்று ஆசிரியை கேட்டார். போதாது. மனதில் இருக்கிற படம் மாறாமல் சொல்லை மட்டும் மாற்றினால், பார்க்க வருகிறவர்கள் பழைய சொல்லைத் தாங்களே போட்டுப் படித்துக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக ஒரு வம்சாவளியை நுழைவாயிலிலேயே வைக்கலாம் என்று பேசினோம்.

பொலன்னறுவையிலிருந்து சோழர்களை வெளியேற்றியவன் முதலாம் விஜயபாகு. அவனுடைய தங்கை மித்தாவைச் சோழ அரசன் பலமுறை பெண் கேட்டும் அவன் கொடுக்கவில்லை. ஒரு பாண்டிய இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்தான். அந்தக் கல்யாணமே சோழனுக்கு எதிரான ஓர் அரண். மித்தாவின் மகன் மானாபரணன். மானாபரணனின் மகன்தான் முதலாம் பராக்கிரமபாகு. அதாவது குந்துகாலில் படையை இறக்கிய அரசனின் அப்பாவைப் பெற்ற தாத்தா ஒரு பாண்டியர். இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் நம்பவில்லை. ஒரு மாணவன் வம்சாவளியைத் தானே இருமுறை எழுதிப் பார்த்துவிட்டு, "அப்ப இது பங்காளிச் சண்டைல சம்பந்தி வீட்டுக்காரங்க புகுந்த மாதிரி" என்றான். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த இடத்திலிருந்து கண்காட்சியின் நடுப்பகுதி மாறியது. அம்புக்குறி வரைபடம் பக்கத்துச் சுவருக்குப் போனது. நடுவில் ஒரு பெரிய அட்டவணை வந்தது. இடப்பக்கம் வாரிசுகளின் பெயர்கள், மேலே காலக்கட்டங்கள், கட்டத்துக்குள், அந்த நேரத்தில் அந்த வாரிசு யார் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டார், யாருக்கு எதிராக அவரை வைத்திருந்தார்கள் என்பது. என் பார்வையில் இந்தப் போரைப் புரிந்துகொள்ள இதைவிட நேர்வழி இல்லை. எவன் எந்த ஊரைப் பிடித்தான் என்று பார்த்துக்கொண்டே போனால் தலை சுற்றும். எதிராளி வீட்டு வாரிசு ஒருவன் யார் கையில் இருந்தான் என்று பார்த்தால் ஒவ்வொரு திருப்பமும் முன்கூட்டியே தெரியும்.

நான்கு மேசைகள்

அட்டவணையை எழுதி முடிக்கும் முன் ஆசிரியை ஒரு வேலை செய்தார். போரின் இரண்டாம் பாதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. நான்கு மேசை போட்டார்: சோழ அவை, பொலன்னறுவை அவை, குலசேகரன், வீரபாண்டியன். நிலைமையை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கல்வெட்டில் நடந்ததைக் கடைசியில்தான் வாசிப்பது என்று ஏற்பாடு.

முதல் சீட்டு சோழ மேசைக்கு. பராக்கிரமபாகு தோல்வியோடு விடவில்லை. இலங்கையில் ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் ஆகிய இடங்களில் படை திரட்டுகிறான், கப்பல் கட்டுகிறான். என்ன செய்வது? மேசையிலிருந்து உடனே வந்த பதில், நாமும் கப்பல் கட்டுவோம். செலவு, நாட்கள், வீட்டில் அரசனே புதிதாக வந்தவன் என்பதை ஆசிரியை ஞாபகப்படுத்தினார். யோசித்தார்கள். அப்போது முகாமிலிருந்து வரும் அந்த மாணவி பேசினாள்: "அவங்க வீட்டுல யாராவது கோவிச்சுக்கொண்டு இருக்கினமோ எண்டு பாக்கலாம் தானே மிஸ்."

நடந்தது அதேதான். பராக்கிரமபாகுவின் மருமகன் ஸ்ரீவல்லபன் இலங்கை அரியணைக்கு உரிமை கேட்டுக்கொண்டு சோழரிடம் இருந்தான். அவனுக்குப் படைத்துணை கொடுத்துச் சோழர் அக்கரைக்கு அனுப்பினார்கள். மேலே சொன்ன ஊர்களுக்குள் புகுந்து, எரித்து, யானைகளைப் பிடித்து, ஆட்களையும் பிடித்து வந்ததாகத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு சொல்கிறது. ஸ்ரீவல்லபன் அரசனாகவில்லை. ஆனால் கடல் கடக்க ஆயத்தமாக இருந்த படையின் திட்டம் குலைந்தது. வென்று ஆள்வதற்கு ஆகும் செலவில் ஒரு பங்கு கூட ஆகாமல் எதிரியின் கையைக் கட்டிப்போட்ட காரியம் இது.

அடுத்த சீட்டு பொலன்னறுவை மேசைக்கு. வீரபாண்டியனை வைத்துக்கொண்டு இனி மதுரையைப் பிடிக்க முடியுமா? இந்த மேசை கூர்மையான பிள்ளைகள். மதுரையில் ஏற்கனவே உட்கார்ந்திருப்பவனிடமே பேசினால் என்ன என்றார்கள். குலசேகரனை அரசனாக ஏற்பது, பதிலுக்கு அவன் சோழரை விடுவது. வீரபாண்டியன் மேசையில் இருந்த பையனுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "எங்கப்பாவுக்காகத்தானே கடல் தாண்டி வந்தீங்க?" என்றான். பொலன்னறுவை மேசை பதில் சொல்லவில்லை.

குலசேகரன் மேசை சம்மதித்தது. சோழர் உயிர் கொடுத்து அரியணையில் உட்கார வைத்தவர்களாயிற்றே, நன்றி இல்லையா என்று கேட்டபோது பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சொன்னது: "நாற்காலிதான் சார் எங்களுக்கு. சுத்தி நிக்கிறவங்க எல்லாம் அவங்க ஆளுங்க."

குலசேகரனை நன்றி கெட்டவன் என்று சொல்வது வழக்கம்; கல்வெட்டின் தொனியும் அதுதான். அவன் நாட்டுக்குள்ளேயே இருந்த தலைவர்களைப் பார்க்க வேண்டும். ராஜராஜக் கற்குடிராயன், ராஜகம்பீர அஞ்சுகோட்டை நாடாள்வான். பட்டப்பெயர்களே சோழ அரசனுடையவை. அவர்களை வைத்துக்கொண்டு அவன் எதற்கு அரசன்? இலங்கையோடு உறவு வைத்தவுடன் அவன் அவர்களை பாண்டிய நாட்டு எல்லையான வெள்ளாற்றுக்கு வடக்கே துரத்தினான். மதுரை வாசலில் இருந்த தலைகளையும் எடுத்துவிட்டான். இலங்கையிலிருந்து அவனுடைய அதிகாரிகளுக்கு வந்த ஓலைகளும் பரிசுகளும் சோழர் கையில் சிக்கின. குலசேகரன் மேசைப் பிள்ளைகள் இவ்வளவு அவசரப்படவில்லை. தலைவர்களைக் கொஞ்ச நாள் விட்டுவைத்து, ஓலைப் போக்குவரத்தை மறைவாக வைத்திருப்போம் என்றார்கள். அரசனைவிடப் பிள்ளைகளுக்கு நிதானம் அதிகம் என்பது என் எண்ணம். என்றாலும் அஞ்சுகோட்டைத் தலைவன் அருகிலேயே இருக்கும்போது எத்தனை நாள் மறைத்திருக்க முடியும் என்றும் தெரியவில்லை.

கடைசிச் சீட்டு மறுபடி சோழ மேசைக்கு. குலசேகரன் போய்விட்டான்; மதுரையில் யாரை வைப்பது? கொஞ்சம் பேசாமல் இருந்தார்கள். பிறகு ஒருவன் பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தான். "வீரபாண்டியன் இப்ப சும்மாதானே இருக்காரு?" எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆசிரியை கல்வெட்டுச் செய்தியை வாசித்தார். அண்ணன் பல்லவராயன் என்ற பெயருள்ள இன்னொரு சோழ அதிகாரி படையோடு போய்க் குலசேகரனை விரட்டி, பராக்கிரம பாண்டியனின் மகன் வீரபாண்டியனை மதுரையில் அமர்த்தினார். எந்தப் பிள்ளைக்காக இலங்கை கடல் கடந்து வந்ததோ, அந்தப் பிள்ளையைச் சோழன் ஏற்றினான். சோழன் ஏற்றியவன் இலங்கையின் ஆளாகிவிட்டான். அட்டவணையில் அந்த இரண்டு கட்டங்களை நிரப்பும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

கண்காட்சி நாளில்

கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம் நின்றது அட்டவணையின் முன்தான். வரைபடத்தின் பக்கம் தங்கள் ஊர்ப்பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். குந்துகால் என்றதும் பலர் 1897இல் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம் என்றார்கள். அதே இடத்தில் 12ஆம் நூற்றாண்டில் ஓர் அயல்நாட்டுக் கோட்டை இருந்தது பெரும்பாலோருக்குப் புதுச்சேதி.

மன்னார்ப் பக்கத்து மாதோட்டத்தைச் சோழப்படை எரித்ததைச் சொல்லும் பலகையை விளக்கும் பொறுப்பை அந்த மாணவி தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். இராமேசுவரத்தில் கதவு போனதும் மாதோட்டத்தில் ஊர் எரிந்ததும் அடுத்தடுத்த பலகைகள். நடுவில் எந்தக் கருத்தும் எழுதவில்லை.

படகுத் தொழிலாளி மகனோடு வந்திருந்தார். வம்சாவளியைப் படித்தார், அட்டவணையையும் பார்த்தார். தூபி கட்டக் கொண்டுபோனவர்கள் பற்றிய பலகையின் முன் நெடுநேரம் நின்றார். "இதுல நம்ம கரைக்காரன் பக்கம் யாரு இருந்தா?" என்று மகனைக் கேட்டார். பையன் அட்டவணையைக் காட்டி, அப்படி ஒரு கட்டமே இல்லை என்றான். அவர், "அதெல்லாம் சரி. என் படகு இன்னும் அங்கதான் கிடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். தலைப்பை மாற்றியது அவருக்குப் பிடிக்கவில்லை என்று மகன் மறுநாள் சொன்னான். அதை மாற்ற யாரும் முயலவில்லை; முயல வேண்டியதும் இல்லை.

பிறகு நடந்தது

சில வாரம் கழித்து ஆசிரியை வகுப்பில் போரின் தொடர்ச்சியைச் சொல்லாமல் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) பட்டத்துக்கு வருகிறான், மதுரையில் சோழர் வைத்த வீரபாண்டியன் இருக்கிறான், அடுத்து என்ன? மன்றப் பிள்ளைகளில் பெரும்பாலோர், வீரபாண்டியன் இலங்கைப் பக்கம் போவான், சோழர் இன்னொரு வாரிசைத் தேடுவார்கள் என்று எழுதினார்கள். அப்படியேதான் நடந்தது. வீரபாண்டியன் இலங்கையோடு சேர்ந்தான். குலோத்துங்கன் விக்கிரம பாண்டியன் என்ற வேறொருவனைக் கொண்டுவந்து அமர்த்தினான். வீரபாண்டியன் மீண்டும் படைதிரட்டி நெட்டூரில் தோற்றான். மன்றத்துக்கு வெளியே இருந்த பிள்ளைகளின் விடைகளில் "சோழன் போர் தொடுத்தான்" என்பதைத் தாண்டி அதிகம் இல்லை.

அடுத்தமுறை மாற்ற வேண்டியவை

முதலாவது, முடிவுக்காலம். கண்காட்சி வீரபாண்டியன் மதுரைக்கு வந்ததோடு நின்றது. பார்த்தவர்கள் சோழர் சாமர்த்தியசாலிகள் என்ற எண்ணத்தோடு வெளியே போனார்கள். 1216 வரை கொண்டுபோயிருந்தால் படம் வேறு. அந்த ஆண்டு பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) எரித்தான். சோழ அரசு தன்னைக் காத்துக்கொள்ள கன்னட நாட்டு ஹொய்சள அரசர்களிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று. குலசேகரன் நின்ற இடத்தில் இப்போது சோழன். மதுரையில் ஆள் மாற்றிக்கொண்டே இருந்தது பாண்டியரை ஒரு தலைமுறைக்கு எழவிடாமல் வைத்தது உண்மை. அந்த ஒவ்வொரு படையெடுப்பும் சோழப் படைத்தலைவர்களின் செல்வாக்கை வளர்த்ததும் உண்மை. திருவாலங்காட்டுக் கல்வெட்டும் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டும் அப்படிப்பட்டவர்களுக்கு விட்ட நிலத்தைத்தானே பேசுகின்றன. 1279க்குப் பிறகு சோழ அரசன் பெயரே கேட்கவில்லை. அட்டவணையை அதுவரை நீட்ட இன்னொரு பலகை போதும்.

இரண்டாவது, ஐந்தாவதாக ஒரு மேசை வேண்டும். அஞ்சுகோட்டை நாடாள்வான் போன்ற உள்ளூர்த் தலைவர்களுக்கு. இலங்கையும் சோழரும் குலசேகரனும் மாறிமாறி விலை பேசியது இவர்களிடம்தான். அந்த மேசையில் இருக்கும் பிள்ளைகளிடம் வாரிசு எவனும் கிடையாது. தங்கள் ஊரும் ஆட்களும் மட்டுமே கையில். ஆட்டம் மிகவும் கடினமாக இருக்கும், அதனால்தான் வேண்டும்.

மூன்றாவது, இன்றைய காயத்தைத் தொடக்கூடிய தலைப்பு என்றால் வரைவுக்கு முன்னாலேயே அந்தந்தப் பிள்ளைகளிடம் தனியாகப் பேசிவிடுவது. அந்த மாணவியை நான்கு மேசை ஆட்டம் பேச வைத்தது. அது திட்டமிட்டு நடந்ததில்லை.

சூளவம்ச ஊர்ப்பெயர்களில் உறுதியாக அடையாளம் தெரிந்தவற்றை மட்டும் வரைபடத்தில் வைப்பது என்ற விதி நன்றாக வேலை செய்தது. அதை அப்படியே தொடரலாம். மித்தாவைத் தவிர இந்தக் கதையில் பெயரோடு ஒரு பெண் இல்லை. கொல்லப்பட்ட பராக்கிரம பாண்டியனின் அரசியை மனைவி என்ற அளவில்தான் பலகையில் எழுத முடிந்தது.

அட்டவணையைத் தேவகோட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்று கேட்டு வாங்கிப் போயிருக்கிறது. மன்றம் அடுத்து நெட்டூருக்குப் போக இருக்கிறது. ஐந்தாவது மேசைக்கான சீட்டுகளைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.